பல்லை நகர்த்துவது யார்?

கடலை மிட்டாயைக் கடைவாயில் வைத்து நறுக்கென்று கடிக்கிறீர்கள். அந்த ஒரு நொடியில் உங்கள் பல்லின்மீது விழும் விசை பல கிலோகிராம் எடைக்குச் சமமாகும். ஒரு நாளில் இப்படி நூற்றுக்கணக்கான தடவை மெல்லுகிறோம். ஆனாலும் பல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இப்போது எத்துப்பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டிருக்கும் உங்கள் வகுப்புத் தோழனை நினைத்துப் பாருங்கள். அவன் வாயில் மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் இடையே மாட்டியிருக்கும் சிறு ரப்பர் வளையத்தின் இழுவிசை, ஒன்றிரண்டு எலுமிச்சம் பழங்களின் எடைக்கு மேல் இராது. ஆனால் சில மாதங்களில் அது பற்களை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்திவிடுகிறது.

பத்துக் கிலோவால் ஆகாத வேலையை நூறு கிராம் செய்து முடிக்கிறது! விசை கூடினால் விளைவும் கூடும் என்றல்லவா படித்திருக்கிறோம்? இயற்பியல் பாடம் பொய்யாகிவிட்டதா? இல்லை. இங்கே விசையோடு இன்னொரு கணியமும் சேர்ந்து வேலை செய்கிறது. அதுதான் காலம்.

பல்லின் வேர் தாடை எலும்பில் சுவரில் அறைந்த ஆணிபோல் இறுகப் பதிந்திருப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் நுண்ணிய நார்களும், இரத்தத் தந்துகிகளும், திரவமும் நிறைந்துள்ளன. கடலை மிட்டாயைக் கடிக்கும்போது அந்தத் திரவம் வெளியேற நேரம் கிடைப்பதில்லை. அது மெத்தைபோல் நின்று அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. கடி முடிந்ததும் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் சிறிய விசை மணிக்கணக்கில் விடாமல் அழுத்தினால் கதை வேறு. அழுந்தும் பக்கத்தில் இரத்த ஓட்டம் குறைகிறது. செல்களில் இரசாயன மாற்றங்கள் தொடங்குகின்றன. எலும்பை அரிக்கும் செல்கள் அங்கே வந்து கூடுகின்றன. பல்லின் மறுபக்கத்தில் நார்கள் இழுபடும் இடத்தில் புதிய எலும்பு கட்டப்படுகிறது. ஒரு பக்கம் இடித்து, மறுபக்கம் கட்டி, குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லாமலே வீட்டைத் தள்ளி வைப்பது போன்ற வேலை இது. சாதாரணமாக மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் பல் நகரும்.

இந்த எலும்பு வேலையாட்களைக் கூப்பிட எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும்? நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 முதல் 8 மணி நேரமாவது விசை தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது பல் சீரமைப்பு நூல்கள் தரும் கணக்கு. அதற்குக் குறைந்தால் பல் நகர்வதே இல்லை எனலாம். அதற்கு மேல் நேரம் கூடக் கூட நகர்வும் கூடும்.

நேற்று ரப்பர் மாட்ட மறந்துவிட்டது, இன்று இரண்டாக மாட்டிக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடாதா? கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆனால் ஆபத்தான கேள்வி. 1932-ஆம் ஆண்டிலேயே ஷ்வார்ட்ஸ் என்ற ஆஸ்திரிய மருத்துவர், வேரின்மீது விழும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 20 முதல் 26 கிராம் வரைதான் இருக்கலாம் என்று எழுதினார். அது தந்துகிகளில் ஓடும் இரத்தத்தின் அழுத்தத்தை ஒத்த அளவு. அதை மிஞ்சினால் தந்துகி நசுங்கும், இரத்தம் வராது, இரத்தம் வராத இடத்துக்கு எலும்பை அரிக்கும் செல்களும் வரமாட்டா. பல் நின்ற இடத்திலேயே ஓரிரு வாரம் முரண்டு பிடிக்கும். வலியும் மிகும். ஆகவே காலத்தில் விட்டதை விசையில் பிடிக்க முடியாது.

இனிமேல்தான் நம் கட்டுரையின் விஷயத்துக்கே வருகிறோம். விசையைத் தேர்ந்தெடுப்பவர் மருத்துவர். கம்பியை வளைப்பவரும் அவரே. ஆனால் காலம் யார் கையில் இருக்கிறது?

ஒரு மாதத்துக்கு 30 நாட்கள், மணிக்கணக்கில் 720. அதில் நோயாளி மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்திருப்பது இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வகுத்துப் பாருங்கள்: 2160-இல் ஒரு பங்கு! மீதி 2159 பங்கு நேரமும் ரப்பரை மாட்டுவதா கழற்றுவதா, பல் துலக்குவதா விடுவதா, கமர்கட்டைக் கடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது பதின்மூன்று வயதுப் பையனோ பெண்ணோதான். கம்பி முழுவதும் பல்லில் ஒட்டப்பட்டிருந்தாலும் இந்த நிலைமை மாறாது. சரியாகத் துலக்காவிட்டால் ஒட்டிய இடத்தைச் சுற்றி ஒரு மாதத்துக்குள்ளேயே எனாமலில் சுண்ணாம்புச் சத்துக் கரைந்து வெண்புள்ளிகள் தோன்றக்கூடும். பல் நேரானாலும் கறை நின்றுவிடும். கழற்றி மாட்டும் தகடுகளுக்கும், இப்போது பரவலாகியுள்ள கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறைகளுக்கும் நேரம் இன்னும் முக்கியம். அந்த உறைகளை நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணியச் சொல்கிறார்கள்.

சொன்னபடி அணிகிறார்களா? இதை அறிய மருத்துவர்கள் நெடுங்காலம் நோயாளியின் வாய்ச்சொல்லையே நம்பியிருந்தார்கள். 1974-இல் நார்த்கட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் ஒரு தந்திரம் செய்தார். மேல் தாடைப் பற்களைப் பின்னுக்கு இழுப்பதற்காகத் தலையின் பின்புறம் ஒரு பட்டையைச் சுற்றி அணிவது அந்நாளில் பெருவழக்கு. அந்தப் பட்டையில், இழுவிசை இருக்கும்போது மட்டும் ஓடும் ஒரு சிறு கடிகாரத்தை அவர் பொருத்தினார். வாயால் சொன்ன நேரமும் கடிகாரம் சொன்ன நேரமும் வெவ்வேறாக இருந்தன. அதோடு, நேரம் அளக்கப்படுகிறது என்று தெரிந்ததும் அணியும் நேரம் கூடியது.

2010-ஐ ஒட்டி இதற்கு இன்னும் நேர்த்தியான கருவி வந்தது. கழற்றி மாட்டும் தகட்டின் பிளாஸ்டிக்கிற்குள்ளேயே நகத்தளவில் ஒரு வெப்ப உணர்வியைப் புதைத்துவிடுகிறார்கள். அது 15 நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளும். வாய்க்குள் இருந்தால் 35 டிகிரி செல்சியஸை ஒட்டிக் காட்டும். மேசைமீது கிடந்தால் அறையின் வெப்பநிலையைக் காட்டும். (நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மேசையும் 35 டிகிரியைத் தொட்டுவிடுமே, அப்போது கருவி ஏமாறாதா? ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன்: குளிர்ந்த நீர் குடித்தால், சூடான தேநீர் குடித்தால் வாயின் வெப்பநிலை எப்படி மாறும் என்று யோசியுங்கள். மேசை மோர் குடிப்பதில்லை!)

இத்தகைய கருவிகளைக் கொண்டு செய்த பல ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. கழற்றி மாட்டும் சாதனங்களை நோயாளிகள் சொன்னதைவிட நாளொன்றுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரத்துக்கும் மேல் குறைவாகவே அணிகிறார்கள் என்று அது காட்டியது. அது மட்டுமன்று. தாங்கள் அணிந்ததாக அவர்கள் கூறும் நேரமும் உண்மையைவிட மிகுதியாகவே இருந்தது.

இதைப் படித்ததும் "பிள்ளைகளே இப்படித்தான், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்று பெரியவர்கள் யாராவது சொல்லக்கூடும். மருத்துவர்களும் முதலில் அப்படித்தான் எண்ணினார்கள். எந்த வகையான பிள்ளை ஒத்துழைக்கும், எது ஒத்துழைக்காது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் முயன்றார்கள். வயதைப் பார்த்தார்கள்; ஆணா பெண்ணா என்று பார்த்தார்கள்; மனோதத்துவ வினாத்தாள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நந்தாவும் கியர்லும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகையில் குறிப்பிடத்தக்கது. நோயாளியின் குணநலன்களை அளந்து எதிர்காலத்தைச் சொல்வது அவ்வளவாகப் பலிக்கவில்லை. மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே அமைந்த உறவு எப்படிப்பட்டது என்பதுதான் ஒத்துழைப்போடு தொடர்புடையதாகத் தெரிந்தது.

அதாவது, நோயாளியின் பக்கமே திருப்பி வைத்திருந்த தொலைநோக்கியை மருத்துவரின் பக்கமும் திருப்ப வேண்டியதாயிற்று.

இப்படித் திருப்பிப் பார்த்தவர்களில் முன்னோடியான ஒருவர் பல் மருத்துவரே அல்லர். பார்பரா கோர்ஷ் என்ற குழந்தை மருத்துவர் அவர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று தாய்மார்கள் வந்து மருத்துவரைப் பார்க்கும் 800 சந்திப்புகளை அவரும் அவர் குழுவினரும் ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். பிறகு தாய்மார்களைத் தனியே கண்டு பேசினார்கள். சில நாட்கள் கழித்து, மருத்துவர் சொன்னதைச் செய்தார்களா என்றும் விசாரித்தார்கள். முடிவுகள் 1968-இலும் 1969-இலும் வெளிவந்தன. பல் சீரமைப்பைப் பற்றிய ஆய்வு இல்லையென்றாலும், இதற்குப் பின் வந்த இத்தகைய ஆய்வுகளைப் புரிந்துகொள்ள இது நல்ல அடித்தளம். ஆகவே இங்கே சற்று நின்று பார்ப்போம்.

தாய்மார்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், தம் குழந்தைக்கு நோய் எதனால் வந்தது என்பதே தெரியாமல் வீடு திரும்பினார்கள். நான்கில் ஒருவர், தம் மனத்தில் இருந்த முதன்மையான கவலையை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லையாம். மருத்துவர்கள் பேசிய கலைச்சொற்கள் செய்த குழப்பம் வேறு. நோய்க்கிருமி உடலில் புகுந்ததற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடைப்பட்ட காலத்தை நோயரும்பு காலம் என்பார்கள். குழந்தையைப் படுக்கையில் கிடத்தி வைக்க வேண்டிய காலம் அது என்று ஒரு தாய் எண்ணிக்கொண்டார். இடுப்பருகே முதுகெலும்பில் ஊசி செலுத்தித் திரவம் எடுப்பதை மருத்துவர் குறிப்பிட்டபோது, நுரையீரலில் இருந்து நீரை வடிக்கப் போகிறார்கள் என்று இன்னொரு தாய் நினைத்தார். இரண்டு பேரும் மருத்துவர் பேசும்போது தலையாட்டியிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. வகுப்பறையில் "புரிந்ததா?" என்று ஆசிரியர் கேட்டால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சந்திப்பில் மிகுந்த நிறைவு பெற்ற தாய்மார்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மருத்துவர் சொன்னதை முழுமையாகச் செய்தார்கள். பெரிதும் மனக்குறையோடு போனவர்களில் ஆறில் ஒருவர்தான் அப்படிச் செய்தார். சரி, நிறைவு தருவதற்கு நெடுநேரம் பேச வேண்டுமோ? அதுதான் இல்லை. சந்திப்பு எத்தனை நிமிடம் நீடித்தது என்பதற்கும் தாயின் நிறைவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. "எனக்கு நேரமில்லை, கூட்டம் அதிகம்" என்ற சமாதானம் அவ்வளவு செல்லுபடியாகாது என்று பொருள்.

இனி பல்லுக்கே திரும்புவோம். அதே ஓக்லஹோமாவில் சின்ஹா, நந்தா, மெக்நீல் ஆகியோர் 1996-இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டார்கள். மருத்துவரின் எந்தெந்த நடத்தைகள் நோயாளியின் நிறைவோடும் ஒத்துழைப்போடும் சேர்ந்து வருகின்றன என்று அவர்கள் வினாப்பட்டியல் மூலம் கேட்டறிந்தார்கள். பணிவாகப் பேசுகிறாரா, பதற்றமில்லாமல் வேலை செய்கிறாரா, செய்யப்போவதை விளக்குகிறாரா, தன்மேல் அக்கறை காட்டுகிறாரா என்பவை போன்ற நடத்தைகளை நோயாளி எப்படி உணர்கிறார் என்பதே அவர்களின் அளவுகோல். அப்படி உணரப்பட்ட நடத்தைகளுக்கும் ஒத்துழைப்புக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரிந்தது.

ஆனால் அறிவியல் மாணவர்களாகிய நீங்கள் இங்கே கையை உயர்த்தி ஒரு தடை எழுப்ப வேண்டும். "ஐயா, இதில் எது காரணம், எது காரியம்?" நல்ல மருத்துவர் என்பதால் பிள்ளை ஒத்துழைத்ததா? அல்லது பிள்ளை ஒழுங்காக ரப்பர் போட்டுக்கொண்டு வந்ததால் மருத்துவர் சிரித்த முகத்தோடு இருந்தாரா? வினாப்பட்டியல் இதற்கு விடை சொல்லாது. சேவல் கூவுவதும் சூரியன் உதிப்பதும் சேர்ந்தே நிகழ்கின்றன என்பதற்காகச் சேவலைச் சூரியனின் எசமானன் என்று சொல்லிவிட முடியாதல்லவா? கோர்ஷின் ஆய்வுக்கும் இந்தத் தடை பொருந்தும். இதைத் தீர்க்க வேண்டுமானால் சோதனை செய்ய வேண்டும். மற்றவை யாவும் சமமாக இருக்க, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு சோதனையை அமெரிக்காவில் செய்து 2005-இல் வெளியிட்டார்கள். எடுத்துக்கொண்டது ஒத்துழைப்பை அன்று, வலியை. கம்பி கட்டிய முதல் வாரத்தில் பிள்ளைகளை மிகவும் சோர்வடையச் செய்வது வலிதான். ஆகவே இது நமக்கு மிகவும் வேண்டிய சோதனை. புதிதாகக் கம்பி கட்டிக்கொண்ட 150 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவினருக்குத் தொலைபேசியில் அழைத்து, நலம் விசாரித்து, வலியைப் பற்றி விளக்கி ஆறுதல் சொன்னார்கள். இரண்டாம் குழுவினரையும் அழைத்தார்கள். ஆனால் ஆய்வில் கலந்துகொண்டதற்கு நன்றி சொன்னதோடு சரி, வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. மூன்றாம் குழுவினருக்கு அழைப்பே வரவில்லை. ஒரு வாரம் வரை ஒவ்வொருவரும் தம் வலியையும் கவலையையும் குறித்துவந்தனர்.

அழைப்பு வராதவர்களைவிட அழைப்பு வந்தவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. அதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், ஆறுதல் சொல்லப்பட்ட குழுவுக்கும் வெறும் நன்றி சொல்லப்பட்ட குழுவுக்கும் வேறுபாடு காணப்படவில்லை! என்ன சொன்னார்கள் என்பதைவிட, ஒருவர் தன்னை நினைத்து அழைத்தார் என்பதே வேலை செய்திருக்கிறது. இரண்டு குழுக்களின் வாயிலும் இருந்தது அதே வகைக் கம்பிதான், அதே வகை விசைதான்.

இதைக் கேட்டு, வலி என்பது மனப்பிரமை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வலிக்கு உண்மையான உடற்காரணம் உண்டு. அது வரும் முறையும் ஒழுங்கானது. கம்பியை முறுக்கிய சில மணி நேரத்தில் தொடங்கும். மறுநாள் உச்சத்தை அடையும். பிறகு இறங்கி ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த வரைபடத்தை மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால், மறுநாள் காலையில் இட்லியைக் கூட மெல்ல முடியாத பெண் "சரி, டாக்டர் சொன்னது போலவே நடக்கிறது, நாளைக்குக் குறையும்" என்று எண்ணுவாள். சொல்லாவிட்டால்? "ஏதோ தப்பாகிவிட்டது" என்று பயப்படுவாள். ரப்பரைக் கழற்றி வைப்பாள். ஒரு நாள் கழற்றினால் வலி குறையும். மறுபடி மாட்டினால் வலி முதலிலிருந்து தொடங்கும். கழற்றினால் சுகம், மாட்டினால் துன்பம் என்ற பாடத்தை அவள் உடம்பே அவளுக்குக் கற்பித்துவிடும். அந்தப் பாடத்தை அழிக்க அடுத்த மாதம் மருத்துவர் எவ்வளவு உபதேசம் செய்தாலும் எடுபடாது. "கொஞ்சம்கூட வலிக்காது" என்று சொல்லிவிடுவது இதைவிட மோசம் என்பது என் கருத்து. வலித்த நிமிடத்திலிருந்து அந்த மருத்துவர் சொன்ன மற்றவையும் சந்தேகத்துக்கு உரியவை ஆகிவிடும்.

குழந்தைகளின் பல் மருத்துவத்தில் "சொல், காட்டு, செய்" என்று ஒரு முறை உண்டு. 1959-இல் ஆடல்ஸ்டன் என்பவர் அதை எழுதி வைத்தார். செய்யப்போவதை முதலில் எளிய சொற்களில் சொல்வது, கருவியைக் கையில் கொடுத்தோ நகத்தின்மேல் வைத்தோ காட்டுவது, பிறகு சொன்னபடியே செய்வது. இதில் மூன்றாவது படிதான் உயிர்நாடி என்று தோன்றுகிறது. சொன்னதும் செய்ததும் ஒன்றாக இருப்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்கிறது.

சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மருத்துவர் கூறியவற்றில் நோயாளி எவ்வளவை நினைவில் வைத்திருக்கிறார் என்று பிலிப் லே என்ற பிரிட்டிஷ் மனோதத்துவ அறிஞர் 1960-களிலிருந்து ஆராய்ந்தார். அறிவுரைகளின் எண்ணிக்கை கூடக் கூட மறக்கும் பங்கும் கூடியது. முதலில் சொல்லப்பட்டவை நன்றாக நினைவில் நின்றன. ஒரு பல் மருத்துவர் முதலில் கட்டணம், அடுத்த தேதி, சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் பேசிவிட்டு, வாசல் வரை போன பையனிடம், "தம்பி, ரப்பரை ஒழுங்காப் போடணும், என்ன?" என்று சொன்னால் அது எவ்வளவு தூரம் நிற்கும்?

அந்த "ஒழுங்கா" என்ற சொல்லையும் சற்றுப் பாருங்கள். அதற்கு எத்தனை மணி நேரம்? பையன் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்று பகலில் கழற்றிவிட்டு, இரவு தவறாமல் மாட்டிக்கொள்கிறான். ஒரு நாள்கூட விடவில்லை. அவன் கணக்கில் அது ஒழுங்குதான். மருத்துவரின் கணக்கிலோ சாப்பிடும் நேரமும் துலக்கும் நேரமும் தவிர நாள் முழுவதும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அலகு இல்லாத அளவைப் பரிமாறிக்கொண்டார்கள், அவ்வளவுதான். விடைத்தாளில் அலகு எழுதாவிட்டால் மதிப்பெண் குறைப்போம். இங்கே குறைவது மாதங்கள். அதே மருத்துவர், "தம்பி, வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்பாங்க. ரப்பரை எப்போ கழட்டலாம்னு டாக்டர் சொன்னார்னு நீ என்ன சொல்லுவே?" என்று கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் பிழை வெளிப்பட்டிருக்கும். "புரிந்ததா?" என்ற கேள்விக்கு ஒரே விடைதான் வரும். இந்தக் கேள்விக்கு உண்மையான விடை வரும்.

இப்போது திட்டுவதைப் பற்றி. அடுத்த மாதம் பல் நகரவில்லை. மருத்துவருக்குக் கோபம். தாயின் முன்னிலையிலேயே, "இப்படி இருந்தா உன் பல்லு ஜென்மத்துக்கும் நேராகாது" என்கிறார். பயன் கிடைக்குமா? சில நாட்கள் கிடைக்கலாம். ஆனால் அதற்கு அடுத்த மாதம் "தினமும் எத்தனை மணி நேரம் போட்டாய்?" என்று அவர் கேட்கும்போது பையன் என்ன சொல்வான்? இருபது மணி நேரம் என்றுதான் சொல்வான். காத்திருக்கும் அறையில் உட்கார்ந்தபடியே ரப்பரை அவசரமாக மாட்டிக்கொண்டு உள்ளே போவான்.

இதன் விளைவை இயற்பியல்காரனின் கண்ணால் பாருங்கள். மருத்துவருக்குத் தேவை இரண்டு அளவுகள்: விசை எவ்வளவு, காலம் எவ்வளவு. காலத்தைக் காட்டும் கருவி பையனின் வாய்ச்சொல்தான். அந்தக் கருவியை மருத்துவர் தம் கோபத்தாலேயே கெடுத்துக்கொண்டார். இருபது மணி நேரம் போட்டும் நகரவில்லை என்றால், அவர் என்ன முடிவுக்கு வருவார்? விசை போதவில்லை போலும் என்று இன்னும் கெட்டியான ரப்பரைக் கொடுக்கலாம். அல்லது தாடையின் வளர்ச்சி சாதகமாக இல்லை என்று திட்டத்தையே மாற்றலாம். நேராக்கிக்கொள்ளக்கூடிய பல்லைப் பிடுங்க வேண்டும் என்றுகூட முடிவு போகக்கூடும். தவறான அளவிலிருந்து சரியான கணக்குப் போட்டால் தவறான விடைதான் வரும். பல் சீரமைப்புச் சிகிச்சை சராசரியாக இருபது மாதம் அளவில் நடக்கிறது. அதில் மூன்று நான்கு மாதங்கள் இப்படித் தவறான அளவை நம்பிப் போனால், அவ்வளவு காலமும் கம்பி வாயில் கூடுதலாக இருக்கும். வெண்புள்ளிக்கும் சொத்தைக்கும் அவ்வளவு காலம் கூடுதல் வாய்ப்பு.

மாறாக, 1993-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் ஒரு சாதாரண நாட்காட்டியைப் பயன்படுத்தினார்கள். தலைப்பட்டை அணிந்த நேரத்தை நோயாளியே தினமும் அதில் குறித்துவர வேண்டும். அப்படிக் குறித்தவர்கள் குறிக்காதவர்களைவிட அதிக நேரம் அணிந்தார்கள் என்று ஒளித்து வைத்த கடிகாரம் காட்டியது. ஒரு தாளும் ஒரு பென்சிலும் செய்த வேலை இது. ஆனால் அந்தத் தாளைப் பார்த்து மருத்துவர் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தே அதில் அடுத்த மாதம் உண்மை எழுதப்படும். "செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் விட்டுப்போச்சே, அன்னிக்கு என்ன?" என்று கேட்டால், "அன்னிக்குக் கபடிப் பயிற்சி டாக்டர், கழட்டி வெச்சது மறந்துடுச்சு" என்று பதில் வரும். உடனே வழி பிறக்கும்: விளையாட்டுப் பையில் ஒரு சிறு டப்பியில் உபரி ரப்பர் வைத்துக்கொள்ளலாம். வெப்ப உணர்வியையும் இப்படி இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். திருடனைப் பிடிக்கும் போலீஸ்காரனாகவும் வைத்துக்கொள்ளலாம். மருத்துவரும் நோயாளியும் ஒன்றாகக் குனிந்து பார்க்கும் வெப்பமானியாகவும் வைத்துக்கொள்ளலாம். கருவி ஒன்றே.

கம்பியைக் கழற்றிய பிறகும் ஒரு கட்டம் இருக்கிறது. அதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. புதிய இடத்துக்கு வந்த பல்லை ஈறின் நார்கள் பழைய இடத்துக்கே இழுக்கும். வேரைச் சுற்றியுள்ள நார்கள் தம்மைச் சீர்செய்துகொள்ள மூன்று நான்கு மாதங்கள் போதும். ஆனால் ஈறிலுள்ள மீள்தன்மை மிக்க நார்கள் அடங்க ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதுவரை பல்லை நிறுத்தி வைக்க ஒரு தகடு தருகிறார்கள். அதன் பின்னும் நெடுங்காலம் இரவில் அணியச் சொல்வதுண்டு. வலி இல்லை, கண்ணாடியில் பல் நேராகத் தெரிகிறது, மாதாமாதம் மருத்துவரைப் பார்ப்பதும் நின்றுவிட்டது. சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் அந்தத் தகட்டை இரவு படுக்கும் முன் எடுத்து மாட்டிக்கொள்ளும்படி சொல்ல அருகில் யாரும் இல்லை. பல்லை இழுக்கும் நார் எது, அது எவ்வளவு காலம் இழுக்கும் என்று எப்போதோ ஒருவர் விளக்கிச் சொன்னது மட்டும்தான் அப்போது அவனோடு இருக்கும்.